ஐந்தாவது வரி

தேன்கனிக்கோட்டை சார்பதிவாளர் ஆபீஸ் எதிரில்
ஜெராக்ஸ் கடையை ஒட்டி என் கடை.
இரண்டு கையையும் விரித்தால்
இரண்டு சுவரும் விரல்நுனியில் இடிக்கும்.
பலகையில்,
'பழைய கன்னட, தெலுங்குப் பத்திரங்கள்
தமிழில் பெயர்த்துத் தரப்படும்.'
முன்னால் 'அனைத்து' என்று சேர்க்கவா
என்று கேட்டான் பெயின்டர்.
இடமில்லை என்றேன்.
இடம் இருந்தது.

மல்லேசப்பா வந்த அன்று
பத்து மணியாகியும் பனி விலகவில்லை.
உரப்பைக்குள் பாலிதீன் கவர்,
கவருக்குள் துண்டு,
துண்டுக்குள் எட்டாய் மடித்த காகிதம்.
முக்கால் ஏக்கர் ரோஜா போட்டிருக்கிறார்,
பசுமைக்குடில், வங்கிக் கடன்.
பூ ஏற்ற வரும் வண்டி
வளைவில் திரும்ப முடியாமல்
தம்பி கெஞ்சப்பா கல்லுக்கால் நட்டுவிட்டான்.
"தடம் எத்தனை மாருன்னு
இதுல இருக்குதாம். பாரும்மா."

நான்கு வரி தடங்கலின்றி ஓடியது.
விற்றவர், வாங்கியவர், கிழக்கே பாறை,
மேற்கே ஓடை.
ஐந்தாவது வரியில் 'மாரு' இருந்தது.
அதற்கு முன்னால் ஓர் எண்.
எண்ணின் கீழ்ப்பாதியைப்
பூச்சி தின்றிருந்தது.

கன்னட இரண்டின் வாலில்
இன்னொரு வளைவு சேர்த்தால் மூன்று.
இது இரண்டா,
வால் போன மூன்றா?

வெயில் வந்ததும் வாசலில் பிடித்துப் பார்த்தேன்.
லென்ஸ் வைத்தேன். செல்போனில் படமெடுத்துப்
பெரிதாக்கினேன்.
ஓட்டைதான் பெரிதானது.

"மூணுதானே?" என்றார்.
நான் பேசவில்லை.
"நீ என்ன சொன்னாலும் சரிம்மா.
நமக்கு எழுத்து தெரியாது."

பணத்தை நீட்டியிருந்தால்
எழுந்து போங்கள் என்றிருப்பேன்.
அவர் நீட்டியது வேறு.

ஆறு வருடம் முன்பு ஒருத்தி வந்தாள்,
ஜவளகிரி முத்தக்கா.
எல்லை மரம் என்ன என்று கேட்டாள்.
மங்கிய மசி. 'ஹுணசெ' என்று தோன்றியது.
தோன்றியதைப் புளியமரம் என்று
டைப் அடித்து முத்திரையும் வைத்தேன்.
அது 'ஹொன்னெ'. வேங்கை.
புளி நின்றது நாற்பதடி உள்ளே.
அந்த நாற்பதடியில்
இப்போது யாரோ தக்காளி நடுகிறார்கள்.
முத்தக்கா என்னைத் திட்டவே இல்லை,
சந்தையில் பார்த்தால் சிரிக்கிறாள்.

மல்லேசப்பாவுக்கு இப்படி அடித்தேன்:
'இங்கே ஓர் எண் உள்ளது. சிதைந்திருக்கிறது.
இரண்டாகவோ மூன்றாகவோ இருக்கலாம்.
எது என்று என்னால் படிக்க இயலவில்லை.'
மைசூரில் பழைய கையெழுத்து படிக்கிறவர்கள் உண்டு,
விலாசம் தருகிறேன் என்றேன்.
சர்வேயருக்கு மனு போடுங்கள் என்றேன்.
படித்த பக்கத்துக்கு மட்டும் காசு கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை,
டவுன் பஸ் பாதி வழியில் நின்றால்
கண்டக்டரைப் பார்ப்போமே, அது.
"போர்டு போட்டிருக்கியேம்மா" என்றார்.
ஓசூருக்குப் போனார்.

பன்னிரண்டு நாள் கழித்து அதே உரப்பை.
ஓசூரில் ஒருவர் ஐந்து நிமிடத்தில் படித்தாராம்.
தடித்த எழுத்தில் அடித்தும் தந்தாராம்:
இரண்டு மாரு.

"நீ எழுதினியே, தெரியலைன்னு,
அதுல ரெண்டு காப்பி போட்டுக் குடு.
மணியக்காரர்கிட்டக் காட்டணும்."

லென்ஸைத் திரும்ப எடுத்தேன்.
ஐந்தாவது வரி, அதே ஓட்டை.
"இப்பவும் தெரியலைங்க" என்றேன்.
"தெரியலைன்னா மூணுன்னு அர்த்தமில்லை,
அதையும் அவர்கிட்டச் சொல்லிடுங்க."

நாலு ரூபாயைச் சில்லறையாக எண்ணி வைத்தார்.
"ரெண்டுன்னும் இல்லைல்ல?"

இல்லை என்றேன்.